சிக்கனம் யார் தட்டில்?

மார்கழி பிறந்துவிட்டால் பெங்களூரில் புதுக் குடித்தனம் நடத்துகிறவர்களின் கணக்கு தடுமாறத் தொடங்கும். கடல் மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊர் இது. 1884 ஜனவரி 13ஆம் தேதி 7.8 டிகிரி வரை குளிர் இறங்கியதாகப் பதிவு இருக்கிறது. இப்போது அவ்வளவு இல்லையென்றாலும், விடியற்காலைக் குளிர் 15, 16 டிகிரி என்றால் திருவண்ணாமலை, திருப்பத்தூர்ப் பக்கத்து வெயிலில் வளர்ந்த உடம்புக்கு அது போதும். குளிக்க வெந்நீர் வேண்டும். இரண்டு போர்வை வேண்டும். இட்லி மாவு இரவில் புளிக்காது. வழக்கத்தைவிடப் பசி கூடும். இத்தனைக்கும் மேலே பொங்கலுக்கு ஊருக்குப் போகிற செலவு காத்துக்கொண்டிருக்கும்.

இந்த நேரத்தில் இளந்தம்பதிகளுக்குப் பெரியவர்கள் சொல்லும் புத்திமதி ஒன்றே ஒன்றுதான்: சிக்கனமாக இருங்கள். சிக்கனம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. உழைத்துப் பிழைக்கிறவன் சிக்கனத்தை யாரிடமும் கற்க வேண்டியதில்லை. நம்முடைய கேள்வி வேறு. அந்தச் சிக்கனம் யார் தட்டிலிருந்து பிடிக்கப்படுகிறது?

நம் பகுதிகளில் எத்தனையோ வீடுகளில் நடப்பதைச் சொல்கிறோம். கணவன் கட்டட வேலைக்கோ மூட்டை தூக்கவோ போகிறான். மனைவி பொம்மனஹள்ளியிலோ பீண்யாவிலோ கார்மெண்ட்ஸ் கம்பெனிக்குப் போகிறாள். இருவரும் சம்பாதிக்கிறார்கள். ஆனால் காலை ஐந்து மணிக்கு எழுந்து ஜில்லென்ற தண்ணீரில் கை வைப்பவள் அவள் ஒருத்திதான். கணவனுக்குச் சூடாகப் போட்டுக் கொடுத்து, இரண்டு டப்பாக்களில் சோறு கட்டிவிட்டு, தான் ஒரு டம்ளர் டீயோடு பஸ்ஸுக்கு ஓடுகிறாள். இரவில் மிஞ்சியதைச் சாப்பிடுகிறாள். மாதக் கடைசியில் காய்கறி குறைந்தால் அவள் பங்குதான் குறைகிறது. அவளை யாரும் பட்டினி போடவில்லை. அவளே வைத்துக்கொள்ளாமல் விட்டுவிடுகிறாள். அதற்கு நல்ல மருமகள் என்ற பட்டமும் கிடைக்கிறது. 2019-21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு, 15 வயதிலிருந்து 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 100க்கு 57 பேருக்கு இரத்தச்சோகை என்று சொல்கிறது. வீட்டுக்கு வீடு நடக்கும் இந்தச் சிக்கனத்துக்கும் அந்தக் கணக்குக்கும் சம்பந்தம் இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா?

ஆகவே மிச்சம் பிடிக்க வேண்டிய இடங்கள் வேறு என்று காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதல் மிச்சம்: நமக்குரிய அரிசி

ரயில்வேயில் எழுத்து வேலை பார்க்கும் நாம் பல ஆண்டுகளாகக் காணும் காட்சி இது. பொங்கல் முடிந்து சோலையார்பேட்டைப் பக்கமிருந்து வரும் வண்டிகளில் பையோடு பையாக அரிசி மூட்டை வந்து இறங்கும். 1864இல் சோலையார்பேட்டையிலிருந்து பெங்களூர் கண்டோன்மெண்டுக்கு இருப்புப்பாதை போட்ட காலத்திலிருந்து நம் மக்கள் இந்த வழியாகத்தான் பிழைக்க வந்தார்கள். ஊரில் தமிழ்நாட்டு அரசு 2011 ஜூன் முதல் விலையில்லாமல் அரிசி கொடுக்கிறது. பெயர் அங்கே இருக்கிறது, வயிறு இங்கே இருக்கிறது. அதனால் ஊரிலிருந்து தூக்கி வருகிறார்கள். தூக்க முடியாதவர்கள் கடையில் முழு விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

இப்படித் தூக்கித் திரிய வேண்டியதில்லை என்பது இன்னும் பலருக்குத் தெரியவில்லை. ‘ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு’ என்ற ஏற்பாட்டில் தமிழ்நாடும் கர்நாடகமும் 2020இலேயே சேர்ந்துவிட்டன. 2021 ஜூன் 29ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் எல்லா மாநிலங்களும் இதை நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. இதன்படி, தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வரும் தமிழ்நாட்டுக் குடும்ப அட்டை உள்ளவர் பெங்களூரில் உள்ள நியாய விலைக் கடையில் விரல் ரேகை வைத்துத் தன் பங்கை வாங்கலாம். ஆளுக்கு மாதம் 5 கிலோ. 2023 ஜனவரியிலிருந்து அதற்கு விலையும் கிடையாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கடையரிசி கிலோ 50 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இருவருக்கு 10 கிலோ, மாதம் 500 ரூபாய். ஆண்டுக்கு 6,000 ரூபாய். ஒரு பெண் ஆண்டு முழுவதும் காலைச் சாப்பாட்டை விட்டாலும் இவ்வளவு மிச்சம் பிடிக்க முடியுமா?

இதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. உங்கள் ஸ்மார்ட் கார்டில் பி.எச்.எச். என்று இருக்கிறதா, என்.பி.எச்.எச். என்று இருக்கிறதா என்று பாருங்கள். முன்னது முன்னுரிமைக் குடும்ப அட்டை. அதற்கும் அந்தியோதயா அட்டைக்கும்தான் வெளிமாநிலத்தில் அரிசி உண்டு. ஆதார் எண் அட்டையோடு இணைக்கப்பட்டிருக்க வேண்டும். புதிதாகத் திருமணமான பெண்ணின் பெயர் பெரும்பாலும் தகப்பனார் அட்டையிலேயே இருக்கும். அங்கே நீக்கி இங்கே சேர்க்காமல் நடுவில் விட்டுவிட்டால் அவள் பெயர் எங்கும் இல்லாமல் போகும். பல பெண்களுக்கு அப்படித்தான் போயிருக்கிறது. சேர்க்கும்வரை தகப்பனார் அட்டையின் பேரிலேயே அவள் விரல் வைத்துத் தன் பங்கை இங்கே வாங்கலாம். மீதியை ஊரில் இருப்பவர்கள் அங்கே வாங்கிக்கொள்ளலாம். ஒருவர் வாங்கினால் மற்றவர்களுக்கு நின்றுவிடும் என்ற பயம் தேவையில்லை.

“கேட்டோம், சர்வர் வேலை செய்யவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்” என்று சொல்பவர்கள் உண்டு. தனியாகப் போனால் அப்படித்தான் சொல்வார்கள். பத்துப் பேராகப் போங்கள். காரணத்தை எழுதிக் கேளுங்கள். 14445 என்ற உதவி எண்ணுக்கு அங்கே நின்றபடியே பேசுங்கள். இது யாரும் போடும் பிச்சை அல்ல.

இரண்டாம் மிச்சம்: இந்த மண்ணின் பனிக்கால உணவு

நம்மவர்கள் செய்யும் வீண் செலவு ஒன்று உண்டு. ஊரில் சாப்பிட்டதையே இங்கேயும் சாப்பிட வேண்டும் என்று மூன்று வேளையும் அரிசியைத் தேடுவது. மாவு புளிக்கவில்லையென்று பாக்கெட் மாவு வாங்குவது. மாவைக் கையால் கலந்து, கொஞ்சம் வெந்தயம் சேர்த்து அரைத்து, பாத்திரத்தைச் சாக்கிலோ பழைய போர்வையிலோ சுற்றி அடுப்பு ஓரத்தில் வைத்தால் விடிவதற்குள் பொங்கிவிடும். இதற்குப் பாக்கெட் தேவையில்லை.

பனிக்காலத்தில் பெங்களூரில் எது மலிவு என்று பார்க்க வேண்டும். கார்த்திகைக் கடைசித் திங்களில் பசவனகுடி நந்தி கோயில் முன்பு கடலைக்காய்ப் பரிசை கூடுகிறது. புது நிலக்கடலை மலையாகக் குவியும். மார்கழி, தை மாதங்களில் மூலைக்கு மூலை பச்சை மொச்சை. கன்னடக்காரர்கள் அவரேகாயி என்பார்கள். மொச்சையை இரவு ஊறவைத்துத் தோல் பிதுக்கி எடுத்துக் குழம்பு வைப்பது அவர்கள் வீட்டிலும் உண்டு, தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் பிதுக்கம்பருப்பு என்று நம் வீட்டிலும் உண்டு. அவர்கள் முத்தே என்பதும் நாம் களி என்பதும் ஒரே கேழ்வரகுதான். இந்தியாவில் கேழ்வரகு அதிகம் விளைவது கர்நாடகத்தில். 100 கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து 300 மில்லிகிராமுக்கு மேல். அரிசியில் அதில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. களியும் மொச்சைக் குழம்பும், ஒரு நாள் கொள்ளு ரசம், ஒரு நாள் கீரைக் கடைசல், மாலையில் ஒரு கைப்பிடி வேகவைத்த கடலை என்று இருந்தால் குளிருக்கும் ஆகும், பைக்கும் ஆகும்.

பக்கத்து வீட்டுக் கன்னட அம்மாவிடம் முத்தே கட்டி தட்டாமல் கிண்டுவது எப்படி என்று கேட்டுக் கற்றுக்கொள்வதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. 1991இலும் 2016இலும் காவிரிப் பிரச்சினையின் பேரால் இந்த ஊரில் என்ன நடந்தது என்பதை நம் மக்கள் மறக்கவில்லை. தெருவில் நெருப்பு மூட்டுகிறவர்கள் மூட்டட்டும். அடுப்படி வழியாக ஏற்படும் பழக்கம் அத்தனை சீக்கிரம் அறுந்துபோகாது.

மூன்றாம் மிச்சம்: எரிபொருள், அதோடு உயிர்

பயறு வகைகளை இரவே ஊறவைத்தால் கேஸ் பாதி மிச்சம். குக்கரில் அடித்தட்டில் பருப்பும் மேல்தட்டில் சோறும் ஒரே நேரத்தில் வைக்கலாம். திறந்த பாத்திரத்தில் வெந்நீர் காய்ச்சாதீர்கள், மூடி போடுங்கள்.

முகவரிச் சான்று இல்லாததால் கேஸ் இணைப்புக் கிடைக்காத வாடகைக் குடித்தனங்கள் நம்மிடையே ஏராளம். அவர்கள் தெருக்கடையில் திருட்டுத்தனமாக நிரப்பிய சிறு சிலிண்டரை வாங்குகிறார்கள். அது சட்ட விரோதம் மட்டுமல்ல, வெடிக்கும். எண்ணெய் நிறுவனங்களே 5 கிலோ சிலிண்டர் விற்கின்றன. இந்தியன் ஆயிலில் அதற்கு 2020 டிசம்பரில் ‘சோட்டு’ என்று பெயர் வைத்தார்கள். அதற்கு முகவரிச் சான்று வேண்டாம், அடையாள அட்டை ஒன்று போதும். மானியம் கிடையாது, கிலோக் கணக்கில் விலை கூடுதல்தான். உயிரைவிடக் கூடுதல் அல்ல.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறோம். குளிருக்காகக் கதவையும் சன்னலையும் அடைத்துவிட்டு உள்ளே கரி அடுப்பு மூட்டிக்கொண்டு படுக்காதீர்கள். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, நாற்றமும் இல்லை. தூங்குகிறவர்கள் தூக்கத்திலேயே போய்விடுவார்கள். தகரக் கொட்டகையில் தங்கும் கட்டடத் தொழிலாளர் குடும்பங்களுக்கு இதைப் போய்ச் சொல்வது நம் சங்கத்தார் ஒவ்வொருவரின் கடமை.

அடுப்படி வேலை யாருடையது?

மேலே சொன்னவை எல்லாம் அவள் தலையிலேயே விழுமானால் இந்தக் கட்டுரையால் பயனில்லை. ஊறவைப்பதும், தோல் பிதுக்குவதும், களி கிண்டுவதும் நேரம் கேட்கும் வேலைகள். 2019இல் மத்திய அரசு எடுத்த காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாள் ஒன்றுக்கு அதில் 299 நிமிடம் செலவிடுகிறாள். ஈடுபடும் ஆண் 97 நிமிடம். கம்பெனியில் எட்டு மணி நேரம் தைத்துவிட்டு வந்து மறுபடி ஐந்து மணி நேரம். இதைத்தான் நாம் குடும்பப் பாங்கு என்கிறோம்.

தம்பி, எட்டு மணி நேர வேலை கேட்டு மே தினத்தில் கொடி பிடிக்கிறாய். உன் வீட்டில் ஒருத்திக்குப் பதின்மூன்று மணி நேரம் என்றால் அதற்கு யாரிடம் மனு கொடுப்பது? ஆண் கரண்டி பிடித்தால் ஊர் சிரிக்குமாம். கல்யாண வீட்டில் அண்டாவில் சாம்பார் கிண்டுகிறவர் யார்? ஓட்டலில் தோசை ஊற்றுகிறவர் யார்? கூலி கிடைத்தால் ஆண் வேலை, கூலி இல்லாவிட்டால் பெண் வேலை என்பதுதான் இங்கே உள்ள நியாயம். இரவில் மொச்சை பிதுக்க நான்கு கைகள் உட்காரட்டும். காலை வெந்நீர் வைப்பது கணவன் வேலையாகட்டும். இருவரும் ஒன்றாக உட்கார்ந்து, ஒரே பாத்திரத்திலிருந்து சமமாகப் போட்டுக்கொண்டு சாப்பிடட்டும். கடைசியில் சாப்பிடுகிறவர் என்று ஒருவர் வீட்டில் இருக்கக் கூடாது.

அரசுகளிடம் நாம் கேட்பது

குடும்பத்துக்குள் எவ்வளவு சீர் செய்தாலும் வெளியே அடைக்க வேண்டிய ஓட்டைகள் உண்டு. என்.பி.எச்.எச். அட்டைக்கு ஊரில் இலவச அரிசி தரும் தமிழ்நாட்டு அரசு, அதே குடும்பம் வேலை தேடி எல்லை தாண்டினால் கைவிடுகிறது. கர்நாடக அரசு 2013இல் அன்னபாக்ய திட்டம் கொண்டுவந்தது நல்ல காரியம். ஆனால் மத்திய அரசின் 5 கிலோவுக்கு மேல் அது தருவது தன் மாநில அட்டைக்கு மட்டுமே. இந்த ஊரின் கட்டடங்களை எழுப்புகிறவனுக்கு இந்த ஊர்க் கேழ்வரகில் பங்கில்லையா? இரு அரசுகளும் உட்கார்ந்து பேசி, வேலை செய்யும் இடத்தில் முழுப் பங்கு கிடைக்க வழி செய்ய வேண்டும். 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும், புலம்பெயர் தொழிலாளி சொந்த மாநிலத்திலோ வேலை செய்யும் மாநிலத்திலோ ரேஷன் பெறும் ஏற்பாடு சொல்லப்பட்டிருக்கிறது. ஏட்டில் உள்ளது தட்டுக்கு வர வேண்டும்.

கேட்டால் கிடைக்குமா என்று சோர்ந்துபோகிறவர்களுக்கு 2016 ஏப்ரலை நினைவூட்டுகிறோம். வருங்கால வைப்பு நிதியில் முதலாளி செலுத்திய பங்கை 58 வயதுவரை எடுக்க முடியாது என்று மத்திய அரசு விதி போட்டது. சிறுகச் சிறுகச் சேர்ந்த அந்தப் பணம்தான் பிள்ளைகளின் படிப்பு, கடன், வாடகை முன்பணம் எல்லாம். ஏப்ரல் 18, 19 தேதிகளில் பெங்களூர்க் கார்மெண்ட்ஸ் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் சாலைக்கு வந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள். கன்னடம் பேசுகிறவளும் தமிழ் பேசுகிறவளும் தெலுங்கு பேசுகிறவளும் சேர்ந்தே நின்றார்கள். 19ஆம் தேதியே அந்த விதி திரும்பப் பெறப்பட்டது. வீட்டுக் கணக்கை விரல் நுனியில் வைத்திருந்தவர்கள் ஆதலால் அவர்களுக்கு யாரும் அரசியல் வகுப்பு எடுக்க வேண்டியிருக்கவில்லை.

எனவே கிளைச் சங்கங்கள் இந்தத் தை மாதத்தில் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு மேசை போட்டு உட்காருங்கள். குடும்ப அட்டையையும் ஆதாரையும் எடுத்து வரச் சொல்லிப் பார்த்துக் கொடுங்கள். பெயர் விடுபட்ட பெண்களின் பட்டியலை முதலில் எடுங்கள். அவர்களுடைய 5 கிலோவை வாங்கிக் கொடுத்த பிறகு மற்ற வேலைகளைப் பார்ப்போம்.