சொன்ன பிள்ளைக்கு யார் துணை?

காலை நேரம். உடையார்பாளையத்துக்குச் சுற்றுப்புற ஊர்களில் இருந்து பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள். சிலர் பஸ்சில் வருகிறார்கள். சிலர் சைக்கிளில் வருகிறார்கள். தறி நெய்கிறவர் வீட்டுப் பிள்ளை, முந்திரித் தோப்புக்காரர் வீட்டுப் பிள்ளை, கூலிக்குப் போகிறவர் வீட்டுப் பிள்ளை எல்லோரும் ஒரே வாசல் வழியாகத்தான் பள்ளிக்குள் போகிறார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒரு பையன் மட்டும் தயங்கித் தயங்கி நடக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேற்று அவன் சோற்று டப்பாவை ஒருவன் பிடுங்கிக்கொண்டான். அவன் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடுவது இல்லை. பட்டப்பெயர்தான். "வயிற்றுவலி, இன்றைக்குப் பள்ளிக்கூடம் வேண்டாம்" என்று வீட்டில் சொல்லிப் பார்த்தான். தாய் கஷாயம் போட்டுக் கொடுத்தாள். தகப்பனார் அதட்டினார். வலி வயிற்றில் இல்லை என்பது இருவருக்கும் தெரியாது.

இப்படி ஒரு பையன் எந்த ஊரிலும் இருப்பான். பெண் பிள்ளையாகவும் இருக்கலாம். உண்மையை ஏன் சொல்வது இல்லை? "சொன்னால் இன்னும் அதிகமாக அடிப்பார்கள்" என்ற பயம். பெரியவர்கள் இதைக் கோழைத்தனம் என்கிறார்கள். அது தவறு. அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது.

நாங்குநேரியில் நடந்தது

2023-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். நெல்லை மாவட்டம் நாங்குநேரியில் பட்டியல் வகுப்பைச் சேர்ந்த ஒரு பிளஸ்-டூ மாணவருக்கு, உடன் படித்த சிலர் தொல்லை கொடுத்து வந்தனர். அவர் பள்ளிக்குப் போகாமல் நின்றுவிட்டார். ஆசிரியர்கள் காரணம் கேட்டார்கள். மாணவர் சொன்னார். அதற்குப் பிறகு, இரவு நேரத்தில் வீடு புகுந்து அவரை அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க ஓடிவந்த தங்கையும் வெட்டுப்பட்டாள்.

பள்ளி கேட்டது. பையன் சொன்னான். அதுவரை சரி. ஆனால் மாலை மணி அடித்துப் பள்ளி விட்ட பிறகு, அந்தப் பையனுக்கு யார் துணை? அந்த ஒரு கேள்விக்குத்தான் பதில் இல்லாமல் போயிற்று.

மாணவர் உயிர் பிழைத்தார். மறு ஆண்டே பிளஸ்-டூ தேர்வில் தேறினார். பிடிபட்டவர்களும் பள்ளி வயதுச் சிறுவர்களே. புத்தகம் பிடிக்க வேண்டிய கை அரிவாளைப் பிடித்ததால் அவர்கள் கூர்நோக்கு இல்லத்துக்குப் போனார்கள்.

இதன்பின் ஓய்வு பெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் அரசு ஒரு குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. பிள்ளைகளை அகரவரிசைப்படி உட்கார வைக்க வேண்டும், மாணவர்கள் கையில் வண்ணக் கயிறு கட்டக் கூடாது, பெரிய பள்ளிகளில் நல அலுவலர் வேண்டும் என்றெல்லாம் அதில் யோசனை சொல்லப்பட்டது. கயிறு சின்ன விஷயமாகத் தோன்றலாம். எந்தக் கயிறு எந்தச் சாதிக்கு என்று பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தால், அது சின்ன விஷயமா?

பேரூராட்சியின் பங்கு

உடையார்பாளையம் ஒரு பேரூராட்சி. குடிதண்ணீர், தெருவிளக்கு, சாக்கடை இவைதான் பேரூராட்சியின் வேலை என்று பலரும் எண்ணுகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

2009-ம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. பிள்ளையை அடிக்கக் கூடாது, மனம் நோகத் துன்புறுத்தக் கூடாது என்கிறது 17-வது பிரிவு. பிள்ளையின் உரிமைக்குக் குறை வந்தால், உள்ளாட்சி அமைப்பிடம் யாரும் எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம் என்கிறது 32-வது பிரிவு. பேரூராட்சியும் உள்ளாட்சி அமைப்புதான். இரு தரப்பையும் கேட்டு, மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

இன்னொரு சட்டமும் உண்டு. 1996-ல் சிதம்பரத்தில் ஒரு மருத்துவ மாணவர் கொல்லப்பட்டார். நாடே பதறியது. மறு ஆண்டு தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். கல்வி நிலையத்துக்கு உள்ளே நடந்தாலும் குற்றம், வெளியே நடந்தாலும் குற்றம். புகார் வந்தும் நிர்வாகத் தலைவர் சும்மா இருந்தால், அவரும் குற்றத்துக்கு உடந்தை!

"வெளியே" என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். வம்பு வகுப்பறையில் மட்டும் நடப்பது இல்லை. பஸ் நிறுத்தத்தில், ஏரிக்கரையில், கடைக்குப் பின்னால் உள்ள சந்தில் நடக்கிறது. அங்கே ஆசிரியர் இல்லை. ஆனால் அந்த இடமெல்லாம் ஏதோ ஒரு வார்டு கவுன்சிலருக்குச் சேர்ந்தது. அடித்தவன் வீடும் அவருக்குத் தெரியும், அடிபட்டவன் வீடும் தெரியும். இருட்டான சந்தில் ஒரு விளக்குப் போட அவரால் முடியும். இரு வீட்டுப் பெரியவர்களையும் கோபம் முற்றுவதற்கு முன்பே கூப்பிட்டுப் பேச முடியும்.

ஒன்று மட்டும் கூடாது. "போனது போகட்டும், விட்டுக்கொடு" என்று முடித்துவைக்கும் பழைய பழக்கம். அதில் விட்டுக்கொடுக்கச் சொல்லப்படுகிறவன் எப்போதும் இளைத்தவன்தான். காயம் பட்டிருந்தால், மிரட்டல் இருந்தால், அது போலீசுக்குப் போக வேண்டிய விஷயம்.

பிள்ளைகளும் சில காரியங்கள் செய்யலாம். என்றைக்கு, எங்கே, யார் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம். செல்போனில் வந்த வசவை அழிக்காமல் வைத்திருக்கலாம். இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து நடக்கலாம். வீட்டில் சொல்ல வாய் வரவில்லை என்றால் 1098 என்ற எண்ணுக்குப் பேசலாம். இரவு பகல் எந்நேரமும் பேசலாம், காசு இல்லை. பள்ளிக் கல்வித் துறையின் எண் 14417.

தாய் தகப்பன்மாரோ, பிள்ளை சொன்னவுடன் "நீ என்ன செய்தாய்?" என்று கேட்காமல் இருந்தால் பாதி பாரம் குறையும்.

புகார் கொடுத்த மறுநாள் காலை, அந்தப் பையன் பஸ்சை விட்டு இறங்கும்போது அங்கே கவுன்சிலர் நிற்கட்டும். "சாப்பிட்டாயா, தம்பி?" என்று கேட்டுக்கொண்டே பள்ளி வாசல் வரை உடன் நடக்கட்டும். பத்து நிமிஷ வேலை. பார்த்துக்கொண்டு நிற்கிற மற்றப் பையன்களுக்கும் விஷயம் புரிந்துவிடும்.