தண்ணீர் வெளியேறும் வழி

தங்கவயலின் பாலகாட், சாம்பியன் ரீஃப் லைன் வீடுகளில் பல குடும்பங்களுக்குப் பூர்வீகம் வட ஆர்க்காடு. ஊருக்குப் போகும் வழியில் பிள்ளைகளுக்கு வேலூர்க் கோட்டையைக் காட்டாமல் திரும்பமாட்டார்கள். பிள்ளைகள் கேட்பதெல்லாம் முதலையைப் பற்றித்தான். அகழியில் பத்தாயிரம் முதலைகள் கிடந்தன என்பது கதை. எண்ணியது யார் என்று மட்டும் கேட்கக் கூடாது.

முதலையைவிட அகழிதான் அதிசயம். 16ஆம் நூற்றாண்டில், விஜயநகர ஆட்சியின்போது எழுந்த கோட்டை இது. கட்டியவர் சின்ன பொம்மு நாயக்கர் என்பார்கள். 133 ஏக்கர் பரப்பு, பெரும் கருங்கற்களால் ஆன இரட்டை மதில், நடுநடுவே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கொத்தளங்கள். மதிலடிக்கு வந்துவிட்ட எதிரியைப் பக்கவாட்டில் சுடுவதற்கு இந்த நீட்டல்கள் உதவும். அகழிக்குத் தண்ணீர், சூரியகுண்டம் நீர்த்தேக்கத்திலிருந்து நிலத்துக்கடியில் பதித்த குழாய்கள் வழியாக வந்தது. இங்கிலாந்தில் 1385இல் தொடங்கிய போடியம் கோட்டையின் அகழி பாதுகாப்புக்கா, பகட்டுக்கா என்று அறிஞர்கள் இன்றும் சண்டையிடுகிறார்கள். பீஜப்பூர், மராத்தியர், மொகலாயர், ஆங்கிலேயர் என்று ஆளாளுக்கு மோதிய வேலூரில் அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை.

ஆனால் உள்ளே இருப்பவனிடமிருந்து அகழி காப்பாற்றாது. தலைப்பாகையை மாற்று, தாடியை எடு, நெற்றியில் குறி கூடாது என்ற உத்தரவுகளால் கொதித்த சிப்பாய்கள் 1806 ஜூலை 10 அதிகாலையில் கோட்டையைப் பிடித்தார்கள். திப்புவின் மக்கள் அங்கேதான் காவலில் இருந்தார்கள். வெளி வாசலை அடைத்துக் காவல் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. ஆர்க்காட்டிலிருந்து குதிரைப்படையோடு விரைந்த கில்லெஸ்பி, பீரங்கியால் உள்கதவைப் பிளந்து நுழைந்தார். அன்று பகலுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் செத்தார்கள்.

இன்றைய ஆபத்து தண்ணீரிடமிருந்தே வருகிறது. அகழி நிரம்பினால் உபரி நீர் பாலாற்றுப் பக்கம் போகக் கட்டியவர்கள் கால்வாய் வைத்திருந்தார்கள். ஊர் வளர்ந்ததில் அது மறந்தே போனது. 2021 நவம்பர் மழையில் அகழி தளும்பி, ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் தண்ணீர் புகுந்தது. பல தலைமுறைகளாக மூலவர் இன்றிக் கிடந்து, 1981இல்தான் மீண்டும் லிங்கம் கண்ட கோயில் அது. பெயரில் ஜலம் இருப்பது வேறு விஷயம். கல்யாண மண்டபச் சிற்பத் தூண்கள் தண்ணீரில் நிற்பதற்காகச் செதுக்கப்பட்டவை அல்ல.

தண்ணீரை உள்ளே விடுவது எளிது, வெளியேற்றுவதில்தான் வித்தை என்பது தங்கவயல்காரர்களுக்குத் தெரியும். 2001இல் சுரங்கத்தை மூடி, பம்புகளை நிறுத்தியதும் ஆழக்குழிகளில் தண்ணீர்தான் குடியேறியது. வேலூரில் மதிலுக்குத் தொல்லியல் துறை காவல் இருக்கிறது. கால்வாய் போன வழியோ ஊருக்குள் இருக்கிறது. அங்கே வீடும் கடையும் நிற்கின்றன. அடுத்த பெருமழைக்கு முன் இரண்டு தரப்பும் ஒரே வரைபடத்தை வைத்துக்கொண்டு உட்கார வேண்டும்.