நன்றிகெட்டவர்கள் யார்?

தளவாய்புரத்துத் தேநீர்க் கடையில் ஈழப் பேச்சு எழுந்தால் முடிவில் ஒரு தீர்ப்பு வந்து விழும்: "உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவர்கள்." இலக்கியம் படித்த நண்பர்களும் இதையே சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை.

1987 ஜூன் 4இல் இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தில் உணவுப் பொதிகளை வீசின. ஜூலை 29 ஒப்பந்தத்தையடுத்து வந்திறங்கிய அமைதிப்படையை அம்மக்கள் மாலையிட்டு வரவேற்றனர். அக்டோபர் 10இல் புலிகளோடு போர் மூண்டது. 21ஆம் நாள், தீபாவளியன்று, அப்படை யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் புகுந்து சுட்டது. மருத்துவர், செவிலியர், நோயாளிகள் மாண்டனர். மாலை சூட்டியவர்களின் மனம் மூன்றே மாதத்தில் ஏன் மாறியது என்பதற்கு வேறு விளக்கமும் வேண்டுமா?

புலிகளைப் புனிதர்களாக்க இதைச் சொல்லவில்லை. இரு தரப்புக் கொடுமைகளையும் பதிவுசெய்த 'முறிந்த பனை' நூலாசிரியர்களுள் ஒருவரான ராஜனி திராணகம 1989 செப்டம்பர் 21இல் யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்திய வீரர்களும் ஆயிரத்துக்கு மேல் அங்கே மடிந்தனர். அதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் போரை நடத்தியவர்களேயன்றி யாழ்ப்பாணத்துத் தாய்மார் அல்லர்.

1991 மே 21, ஸ்ரீபெரும்புதூர்ப் படுகொலைக்குப் பின் தமிழகத்தின் மனமும்தான் மாறியது. நம் மனமாற்றத்துக்குக் காரணம் உண்டென்கிறோம். அவர்களுடையதற்கு மட்டும் நன்றியின்மை என்று பெயரிடுகிறோம். இது என்ன நியாயம்?

செய்ந்நன்றியறிதலுக்கு அதிகாரம் வகுத்த வள்ளுவர் கொடுங்கோன்மைக்கும் ஒன்று வகுத்திருக்கிறார். முன்னதை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு அயலாருக்கு ஒப்புவிப்பது தமிழ் படித்தவர்க்கு அழகன்று. உணவுப் பொதி ஒருபோதும் வாய்ப்பூட்டு ஆகாது.