உப்பளத் தொழிலாளரும் புரதச் சத்தும்

மரக்காணத்துக் கடற்கரையில் பாத்திகளுக்கு உப்புநீர் பாய்ச்சி, விளைந்த உப்பை வெயிலில் நின்று வாரிக் குவிப்போரின் உழைப்பு எத்தகையதென நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. இங்ஙனம் உழைப்போர்க்கு மற்றையோரினும் புரதச் சத்துப் பன்மடங்கு வேண்டுமென்பது பலருடைய அபிப்பிராயம். அது முற்றும் சரியன்று என்பது நம் கருத்து.

1918ஆம் ஆண்டில் மக்காரிசன் என்னும் மருத்துவ அறிஞர் குன்னூரில் ஓர் அறையில் தொடங்கிய ஆராய்ச்சியே, பின்னர் ஐதராபாத்திற்குப் பெயர்ந்து, இந்நாள் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகின்றது. அந்நிறுவனம் 2020இல் வெளியிட்ட கணக்கின்படி, தேக எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் போதுமானது. பெரும்பாலும் தானியத்தையே உண்போர் 1 கிராம் கொள்ளுதல் நலம். எனவே 55 கிலோ எடையுள்ளார்க்கு 46 முதல் 55 கிராம் வரை வேண்டும். மேசையருகே அமர்ந்து எழுதும் குமாஸ்தாவுக்கும் உப்பு வாரும் தொழிலாளிக்கும் இவ்வளவில் வேற்றுமை இல்லை. எரிசக்தியிலோ வேற்றுமை பெரிது. 65 கிலோ எடையுள்ள ஆடவர், அமர்ந்த தொழிலினராயின் 2110 கிலோகலோரியும், கடும் உழைப்பினராயின் 3470 கிலோகலோரியும் பெறல் வேண்டும். அத்துணைச் சோறு கிட்டாதபோது தேகம் தசையை வளர்க்க வேண்டிய புரதத்தையே விறகுபோல் எரித்துவிடுகின்றது. ஆகவே, வயிறு நிரம்பாதவனுக்குப் புரதத்தைப்பற்றி மட்டும் உபதேசித்துப் பயன் யாது?

சோற்றிலும் புரதம் உண்டு. 400 கிராம் அரிசியில் சுமார் 30 கிராம் அடங்கும். ஆனால் அரிசியில் லைசின் என்னும் கூறு குறைவு. பருப்பில் அது மிகுதி. நம் முன்னோர் சோற்றுக்குச் சாம்பாரைத் துணையாக்கிய வழக்கம் இவ்வகையிற் பெரிதும் பொருத்தமானது. அவ்வரிசியோடு 75 கிராம் துவரம்பருப்பும் 50 கிராம் மீனும் சேருமாயின் 55 கிராம் நிறைவுறும். கருவாட்டிலும் புரதம் மிகுதி. எனினும் உப்பும் மிகுதியாதலின் அதனை அளவறிந்து உண்ணல் வேண்டும்.

தொல்லை மழைக்காலத்தில் நேர்வது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களிற் பாத்திகள் நீரில் மூழ்கிக் கூலி நின்றுவிடும். கூலி நின்ற வீட்டில் அரிசி ஒருவாறு கிடைக்கும். அரசினர் அதனை விலையின்றி அளிக்கின்றனர். பருப்போ, குடும்ப அட்டை ஒன்றுக்கு மாதம் 1 கிலோ. நால்வர் கொண்ட குடும்பத்தில் ஒருவர்க்கு நாளொன்றுக்கு 8 கிராம் வரும். அதிலுள்ள புரதம் 2 கிராமுக்கும் குறைவு! மழை மாதங்களிலேனும் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு இதனை 3 கிலோவாக உயர்த்துதல் வேண்டுமென்பது நம் கோரிக்கை. கருவுற்ற தாய்மார்க்குக் கடைசி மூன்று மாதங்களில் நாள்தோறும் 22 கிராம் புரதம் மிகையாக வேண்டுமென்பதையும் அதிகாரிகள் உளங்கொள்வாராக.

பிள்ளைகள் நிலை சற்று மேல். 1956இல் காமராசர் காலத்திற் பரவிய பள்ளி மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் விரிந்தது, பிற்காலத்தில் முட்டையும் சேர்ந்தது. ஒரு முட்டையின் 6 கிராம், எட்டு வயதுக் குழந்தையின் ஒரு நாள் தேவையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. பள்ளி விடுமுறை நாளில் அதுவும் இல்லை.

இனி, உடற்பயிற்சியின் பொருட்டு விலையுயர்ந்த புரதப் பொடி வாங்கும் நம் மாணவ நண்பர்க்கு ஒரு சொல்: ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலை, 30 கிராம் இருக்கும், அதில் 7 கிராம் புரதம் உண்டு.