கார்டு அதேதான்... உள்ளே இருக்கும் பெயர்கள்?

ரேஷன் கார்டில் திருமணமாகிப் போன மகளின் பெயரை நீக்குகிறோம்; புதிதாகப் பிறந்த குழந்தையின் பெயரைச் சேர்க்கிறோம். கார்டு எண் மட்டும் அப்படியே இருக்கிறது.

கம்ப்யூட்டர் புரோகிராமிங்கிலும் இதே கதைதான். ஜாவாவில் 'ஃபைனல்', ஜாவாஸ்கிரிப்ட்டில் 'கான்ஸ்ட்' என்று இரண்டு சொற்கள் உண்டு. புதிதாகப் படிக்கும் மாணவர்கள் பலர், இதைப் போட்டுவிட்டால் எதுவுமே மாறாது என்று நினைக்கிறார்கள். உண்மையில் இவை பூட்டுவது, பெயர் எந்தப் பொருளைச் சுட்டுகிறது என்பதை மட்டுமே. ஒரு பட்டியலுக்கு 'கான்ஸ்ட்' போட்டால், அந்தப் பெயரில் வேறொரு பட்டியலை வைக்க முடியாது. ஆனால், அதே பட்டியலில் ஒன்றைச் சேர்க்கவோ, அழிக்கவோ தடையில்லை.

பரீட்சைக்கு மட்டும் உதவும் நுணுக்கமா இது? இல்லை. 1997-ல் ஜே.டி.கே. 1.1.1 என்ற ஜாவா பதிப்பில் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு பெரிய ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். அப்போது இணையப் பக்கங்கள் வழியாக 'ஆப்லெட்' எனும் குட்டி புரோகிராம்கள் கம்ப்யூட்டருக்குள் வரும். நம்பகமானவர்களின் டிஜிட்டல் கையெழுத்து இருந்தால் அவற்றுக்குக் கூடுதல் உரிமை கிடைக்கும். 'என்னிடம் யார் கையெழுத்து இருக்கிறது?' என்று ஆப்லெட் கேட்டால், ஜாவா தன்னிடமிருந்த அசல் பட்டியலையே கையில் கொடுத்துவிட்டது. அதில் நம்பகமானவரின் அடையாளத்தைத் தானே எழுதிக்கொண்டு, ஆப்லெட் முழு உரிமையையும் பெற்றுவிட முடிந்தது!

தீர்வு எளிமையானது: அசலைத் தராமல் நகலைத் தருவது. ஆபீசில் ரேஷன் கார்டு கேட்டால் ஜெராக்ஸ் கொடுப்பதில்லையா, அதுபோலத்தான். ஜெராக்ஸில் யார் என்ன கிறுக்கினாலும் அசலுக்குச் சேதமில்லை.

உள்ளடக்கத்தையே பூட்டவும் வழி உண்டு. 2017-ல் வந்த ஜாவா 9-ல் 'லிஸ்ட்.ஆஃப்' மூலம் உருவாக்கும் பட்டியலில் எதையும் சேர்க்கவோ நீக்கவோ முடியாது. ஜாவாஸ்கிரிப்ட்டில் 'ஆப்ஜெக்ட்.ஃப்ரீஸ்' இருக்கிறது. ஆனால், அது மேல் அடுக்கை மட்டுமே உறைய வைக்கும். பொருளுக்குள் இன்னொரு பொருள் இருந்தால், அதைத் தனியாகத்தான் பூட்ட வேண்டும்.

ஆகவே மாணவர்களே, அடுத்த முறை 'கான்ஸ்ட்' என்று டைப் செய்யும்போது இரண்டு கேள்விகள் கேளுங்கள். மாறக் கூடாதது கார்டு எண்ணா, உள்ளே இருக்கும் பெயர்களா? வெளியே கொடுப்பது அசலா, நகலா?