மூன்று அயல்நாட்டு விஞ்ஞானப் படங்கள்

விஞ்ஞானக் கற்பனைப் படம் என்றதும் நம்மில் பலருக்குத் தோன்றும் எண்ணம் ஒன்றுதான். ஆகாயத்தில் கப்பல் பறக்கும். மாட மாளிகைகள் இடிந்து விழும். குழந்தைகள் கை கொட்டுவார்கள். பெரியவர்கள் நாற்காலியில் சாய்ந்தபடி உறங்குவார்கள். இந்த அபிப்பிராயம் முற்றிலும் பிசகு என்று நாம் சொல்லமாட்டோம். சுக நித்திரைக்கு மிகவும் உகந்த படங்கள் ஆண்டுதோறும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆனால் சமீபத்தில் நாம் பார்த்த மூன்று பழைய படங்கள் வேறு ரகத்தைச் சேர்ந்தவை. அவற்றைப் பார்த்த பிறகு உறக்கம் வருவதுதான் கஷ்டம்.

முதலாவது, ஜப்பானில் 1954-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் வெளியான 'கோஜிரா'. டைரக்டர் இஷிரோ ஹோண்டா. கதையைச் சொன்னால் நேயர்கள் நகைக்கக்கூடும். ஹைட்ரஜன் குண்டுச் சோதனையினால் கலைக்கப்பட்ட ஆதிகாலத்து மிருகம் ஒன்று, கடலடியிலிருந்து எழுந்து வந்து டோக்கியோ நகரத்தைத் துவம்சம் செய்கிறது. மிருகம் என்பது கனத்த ரப்பர் உடைக்குள் புகுந்துகொண்ட மனிதர்தான். அவர் மிதித்து நொறுக்குவதும் பொம்மை நகரமே. மிருகத்தின் கர்ஜனைகூட, பிசின் தடவிய தோல் கையுறையைக் கொண்டு ஒரு பெரிய தந்தி வாத்தியத்தைத் தேய்த்து உண்டாக்கியதுதான். இவ்வளவும் தெரிந்திருந்தும் நமக்குச் சிரிப்பு வரவில்லை.

காரணம் இருக்கிறது. அந்த ஆண்டு மார்ச் முதல் தேதியன்று பிகினித் தீவில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடித்துச் சோதித்தது. அதன் நச்சுச் சாம்பல், தொலைவில் மீன் பிடித்துக் கொண்டிருந்த ஜப்பானியப் படகு ஒன்றில் இருந்த 23 பேர் மீதும் விழுந்தது. அவர்களில் ஒருவர் செப்டம்பரில் உயிர் துறந்தார். ஹிரோஷிமாவும் நாகசாகியும் எரிந்து ஒன்பது ஆண்டுகளே ஆகியிருந்தன. படத்தின் ஆரம்பத்திலேயே கடலில் ஒரு கப்பல் தீப்பற்றி மூழ்குகிறது. அதைப் பார்த்த ஜப்பானிய ஜனங்களுக்கு அது வெறும் பூதக் கதையாகவா இருந்திருக்கும்? தீச்சுவாலைக்கு நடுவே ஒரு தாய் தன் குழந்தைகளை அணைத்துக்கொண்டு, சீக்கிரமே அவர்களுடைய தகப்பனாரிடம் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று தேற்றுகிறாள். அந்த ஒரு காட்சிக்கு முன்னால் ஆயிரம் விண்கப்பல்களும் நிற்கமாட்டா.

படத்தின் உண்மையான கதாநாயகர் ஸெரிஸாவா என்ற விஞ்ஞானி. மிருகத்தைக் கொல்லக்கூடிய பயங்கர ஆயுதம் அவர் கையில் இருக்கிறது. ஆனால் அதைப் பிரயோகிக்க அவர் சம்மதிப்பதில்லை. ஒரு தடவை உபயோகித்துவிட்டால், உலகத்து அரசாங்கங்கள் அதைத் தம்மிடமிருந்து பறித்துக்கொள்ளும் என்று அஞ்சுகிறார். கடைசியில் இணங்குகிறார். ஆனால் முதலில் தம் ஆராய்ச்சிக் காகிதங்களையெல்லாம் கொளுத்திவிடுகிறார். பிறகு கடலடியில் தாமும் அந்த மிருகத்தோடு மடிந்துபோகிறார். ரகசியமும் அவருடன் போய்விடுகிறது.

1956-இல் அமெரிக்காவில் இந்தப் படத்தை வெட்டி ஒட்டி, ஓர் அமெரிக்கப் பத்திரிகை நிருபரை நடுவில் நுழைத்து வெளியிட்டார்கள். பூதத்தை வைத்துக்கொண்டார்கள், பூதத்தை எழுப்பிய குண்டைப் பற்றிய பேச்சில் பெரும் பகுதியை வெட்டிவிட்டார்கள். அயலாருடைய துயரத்தை இறக்குமதி செய்யும்போது, அசௌகரியமான பாகத்தைத் துறைமுகத்திலேயே இறக்கி வைத்துவிடுவது உலக வழக்கம் போலும்!

இரண்டாவது, பிரெஞ்சுக்காரரான கிறிஸ் மார்க்கர் 1962-இல் வெளியிட்ட 'லா ஜெத்தே'. மொத்தம் 28 நிமிஷந்தான். சலனப் படம் என்று பேர். ஆனால் சலனமே கிடையாது. நிழற்படங்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, ஒரு குரல் கதை சொல்லிக்கொண்டு போகிறது. மூன்றாவது உலக யுத்தத்தில் பாரிஸ் நகரம் பாழாகிவிட்டது. எஞ்சியவர்கள் பூமிக்கடியில் வாழ்கிறார்கள். சிறு வயதில் விமான நிலையத்தில் பார்த்த ஒரு பெண்ணின் முகத்தை மறவாதிருக்கும் கைதி ஒருவனை, அந்த ஞாபகத்தையே வழியாகக் கொண்டு இறந்த காலத்துக்கு அனுப்புகிறார்கள். ஒரே ஓரிடத்தில் மட்டும் படம் அசைகிறது. உறங்கிக்கொண்டிருந்த அந்தப் பெண் கண் விழித்துப் பார்க்கிறாள். அவ்வளவுதான், நமக்கு மெய் சிலிர்த்தது. முடிவை நாம் சொல்லப்போவதில்லை.

மூன்றாவது, ருஷ்ய டைரக்டர் தார்க்கோவ்ஸ்கி 1972-இல் எடுத்த 'ஸோலாரிஸ்'. போலந்து ஆசிரியர் ஸ்தானிஸ்லாவ் லெம் எழுதிய நாவல் இதற்கு ஆதாரம். படம் ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம் ஓடுகிறது. 'ஓடுகிறது' என்று மரியாதைக்காகச் சொல்கிறோம். பல இடங்களில் அது உட்கார்ந்தே இருக்கிறது. டோக்கியோ வீதிகளில் ஒரு மோட்டார் போய்க்கொண்டே இருக்கும் காட்சியில், நாமே இறங்கி நடந்துவிடலாமா என்று தோன்றியது. நாவலாசிரியருக்கும் படம் பிடிக்கவில்லையாம். ஆனால் அவருடைய காரணம் வேறு.

இருந்தாலும் பொறுமைக்குப் பலன் உண்டு. தூரத்துக் கிரகம் ஒன்றிலுள்ள சமுத்திரம், மனிதர் மனத்தில் புதைந்திருப்பதை உருவாக்கி எதிரே நிறுத்துகிறது. தற்கொலை செய்துகொண்ட மனைவி, கணவன் எதிரே வந்து நிற்கிறாள். பயந்துபோய் அவளை ராக்கெட்டில் ஏற்றி அனுப்பிவிடுகிறான். அவள் மறுபடியும் வருகிறாள். செய்த பிழையை எவ்வளவு தூரத்துக்கு அப்பால் அனுப்பினாலும் அது திரும்பி வரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சியை நாம் திரையில் கண்டதில்லை.

ரப்பர் உடை, சில நிழற்படங்கள், ஒரு மோட்டார் சவாரி - இவைதாம் இந்தப் படங்களின் ஜாலங்கள். புதிய படங்களில் இவற்றைவிட நூறு மடங்கு ஜாலங்கள் உண்டு. நகரம் நகரமாக அழிகிறது. ஆனால் அங்கே குடியிருந்தவர்கள் யார் என்று நமக்குச் சொல்வாரில்லை. ஆகையால் நாமும் கவலைப்படுவதில்லை. இப்படி நகரங்கள் அழிவதை வேடிக்கை பார்த்துப் பழகுவது நல்லதல்ல என்பது நம் கருத்து. காகிதங்களைக் கொளுத்திய விஞ்ஞானியைத் திரையில்தான் பார்த்தோம். அணுகுண்டுகளோ இன்றும் உலகில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.

வளர்ந்த பிள்ளைகள் உள்ள வீடுகளில் முதலில் 'கோஜிரா'வைப் பார்க்கலாம். ஜப்பானிய மொழியில் உள்ள அசல் படத்தையே பார்ப்பது உத்தமம். அந்த பூதத்தை எழுப்பியது யார் என்று பிள்ளைகள் நிச்சயம் கேட்பார்கள். பெற்றோர் பதிலை முன்னதாகவே தயார் செய்து வைத்துக்கொள்வது நலம்.