எதற்கெடுத்தாலும் சூடோ வேண்டாமே!

ராஸ்பெர்ரி பை வாங்கியவர்கள் முதலில் செய்து பார்ப்பது, ஒரு சிறிய எல்.இ.டி. விளக்கை எரிய வைப்பதுதான். ஒயரை இணைத்து, நாலு வரி பைத்தான் புரோகிராம் எழுதி என்டர் தட்டினால் சிலருக்கு விளக்கு எரியும். சிலருக்கு ‘பெர்மிஷன் டினைடு’, அதாவது அனுமதி இல்லை என்ற செய்தி வரும். உடனே யாராவது ஒருவர், “முன்னால சூடோ போடுங்க, ஓடும்” என்பார். ஓடவும் செய்யும். ஆனால் இது தவறான பழக்கம் என்பது என் கருத்து. இந்தப் பழக்கத்தால் சோழவரத்தில் எங்கள் வீட்டு மோட்டார் எரிந்து போனது.

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். 2012 பிப்ரவரி 29-ல் விற்பனைக்கு வந்த முதல் ராஸ்பெர்ரி பை போர்டில் 26 பின்கள் இருந்தன. 2014-ல் வந்த பி பிளஸ் மாடலில் இது 40 ஆனது. இவற்றில் மின்சாரம் தருபவையும், கிரவுண்டும் போக மற்றவை ஜி.பி.ஐ.ஓ. பின்கள். புரோகிராம் மூலம் இவற்றை ஆன், ஆப் செய்திடலாம். இவை தாங்குவது 3.3 வோல்ட் மட்டுமே. மோட்டார் போன்றவற்றை ரிலே வழியாகத்தான் இயக்க வேண்டும்.

லினக்ஸ் இந்தப் பின்களையும் ஒரு பைல் போலவே பார்க்கிறது. அந்த பைலுக்கு ஓர் உரிமையாளர் உண்டு; ஒரு குழுவும் உண்டு. ராஸ்பெர்ரி பை இயக்கத் தொகுப்பில் உரிமையாளர் ரூட். குழுவின் பெயர் ஜிபிஐஓ. இந்தக் குழுவில் உங்கள் யூசர் பெயர் இருந்தால் பின்களை இயக்கலாம். இல்லையென்றால் அனுமதி மறுக்கப்படும்.

சூடோ போடச் சொல்பவர்கள் மீது முழுத் தவறும் இல்லை. தொடக்க காலத்தில் பின்களைத் தொட, கம்ப்யூட்டரின் மொத்த மெமரியையும் திறக்கும் பைல் வழியே செல்ல வேண்டியிருந்தது. அதற்கு ரூட் அனுமதி கட்டாயம். பிழைச் செய்தியே “ரூட்டாக இயக்கிப் பாருங்கள்” என்றுதான் சொன்னது. 2015-ல் பின்களுக்கான பகுதியை மட்டும் திறக்கும் ஜிபிஐஓமெம் வழி வந்தது. அதன் பிறகு இந்த ஆலோசனைக்குத் தேவையில்லாமல் போனது. ஆனாலும் ஆலோசனை மட்டும் நிற்கவில்லை.

இனி என் கதை. காலை ஐந்து மணிக்குக் கீழ்த்தொட்டியிலிருந்து மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றி, நிரம்பியதும் மோட்டாரை நிறுத்த ஒரு புரோகிராம் எழுதியிருந்தேன். ஒருநாள் மாலை, பழக்க தோஷத்தில் சூடோ போட்டு அதைச் சோதித்தேன். புரோகிராம் ஒரு லாக் பைலை உருவாக்கியது. சூடோ போட்டதால் அந்த பைல் ரூட்டுக்குச் சொந்தமானது. நான் இதைக் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை, புரோகிராம் என் பெயரில் தானாகவே இயங்கியது. மோட்டாரை ஆன் செய்தது. அடுத்து லாக் எழுதப் போனது. பைல் ரூட்டுடையது என்பதால் அனுமதி கிடைக்கவில்லை. புரோகிராம் அங்கேயே நின்றுவிட்டது. ஆப் செய்யும் வரி அதற்குக் கீழே இருந்தது. மாடித் தொட்டி வழிந்தது, கீழ்த்தொட்டி வற்றியது, தண்ணீரில்லாமல் ஓடிய மோட்டாரின் காயில் கருகியது. காயில் கட்டி வரும்வரை அம்மா மாடிக்குக் குடத்தில் தண்ணீர் சுமந்தார். பிழை வந்தாலும் மோட்டாரை நிறுத்தும்படி எழுதாதது என் தவறு. ஆனால் என் பெயர் முதலிலிருந்தே ஜிபிஐஓ குழுவில் இருந்தது. சூடோவே தேவைப்பட்டிருக்கவில்லை!

“வீட்டில் நான் ஒருவன்தானே பயன்படுத்துகிறேன், என்ன ஆகிவிடும்?” என்று கேட்கலாம். நானும் ஒருவன்தான் பயன்படுத்தினேன். மேலும், எங்கிருந்தோ காப்பி செய்த புரோகிராமை சூடோவுடன் இயக்கினால், அதிலுள்ள ஒரு தவறான வரி மொத்த மெமரி கார்டையும் அழித்திடலாம்.

என்ன செய்திட வேண்டும்? முதலில் செய்தியை முழுமையாகப் படியுங்கள். ‘பிஸி’ என்று வந்தால் வேறொரு புரோகிராம் அந்தப் பின்னைப் பிடித்திருக்கிறது என்று பொருள். அது அனுமதிப் பிரச்னை அல்ல. 2023-ல் வந்த ராஸ்பெர்ரி பை 5-ல், பின்கள் தனி சிப்புக்கு மாற்றப்பட்டன. அதனால் பழைய ஆர்பிஐ ஜிபிஐஓ லைப்ரரி அதில் இயங்காது. சூடோ போட்டாலும் பயனில்லை. ஜிபிஐஓ ஜீரோ லைப்ரரியைப் பயன்படுத்துங்கள்.

அனுமதிதான் பிரச்னை என்றால் டெர்மினலில் ‘குரூப்ஸ்’ கட்டளை கொடுங்கள். பட்டியலில் ஜிபிஐஓ இல்லையெனில், ‘யூசர்மாட்’ கட்டளையுடன் சிறிய ஏ, பெரிய ஜி ஆகிய இரண்டு எழுத்துகளையும் சேர்த்துக் கொடுத்து உங்கள் பெயரைக் குழுவில் இணைக்கவும். இந்தக் கட்டளைக்கு சூடோ தேவை. இதுபோன்ற வேலைக்குத்தான் சூடோ இருக்கிறது. சிறிய ஏ-யை விட்டுவிட்டால் மற்ற குழுக்களிலிருந்து உங்கள் பெயர் நீக்கப்படும், கவனம். பின்னர் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்திடவும். இதை மறந்துவிட்டு, “சேர்த்தும் வேலை செய்யவில்லை” என்பவர்கள் பலர். ஏற்கனவே ரூட் பெயரில் உருவான பைல்கள் இருந்தால் ‘சௌன்’ கட்டளையால் உங்கள் பெயருக்கு மாற்றிக் கொள்ளுங்கள்.

கும்மிடிப்பூண்டி தொழிற்சாலைகளில் கன்ட்ரோல் பேனலின் சாவியை எல்லாரிடமும் கொடுத்துவிடுவதில்லை. யாருக்கு எந்தப் பேனல் தேவையோ, அந்தச் சாவி மட்டும் தரப்படும். உங்கள் சிறிய போர்டிலும் அப்படியே பழகுங்கள். இரண்டு நிமிட வேலைதான். ஒரு மோட்டார் மிஞ்சும்.